வானத்தைக் கேட்க இரண்டு வாட்

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டுக்கு டிஷ் மாட்டுவதை ஒருமுறையாவது முழுதாக நின்று பார்க்க வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து பிரியும் ஏதாவதொரு மண் பாதையின் முடிவில் நாலைந்து வீடுகள். களத்தில் சாமை காய்கிறது, ஓரத்தில் ஒரு பலாமரம். சுவரோரம் நட்ட இரும்புக் குழாயில் டிஷ்ஷைப் பூட்டியாகிவிட்டது. மெக்கானிக் கையில் உள்ளங்கை அளவு சிக்னல் மீட்டர். வீட்டுக்குள் டி.வி. முன்னால் பையன் ஒருவன்.

“வந்துச்சா தம்பி?”

“இல்லண்ணா.”

“இப்ப?”

“கோடு ஏறுதுண்ணா… ஐயோ, போயிடுச்சு.”

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். மலையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எங்கேயாவது ஒரு கிளை கம்பியில் விழுந்துவிடுகிறது. டி.வி. அணைந்தது எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் வெளியே, வெயிலில், மெக்கானிக் கையிலிருக்கும் மீட்டரின் முள்ளும் அந்த நொடியே படுத்துவிடுகிறது. வானத்தில் ஒன்றும் மாறவில்லை. செயற்கைக்கோள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. டிஷ்ஷும் ஒரு நூல் அசையவில்லை. பிறகு மீட்டர் ஏன் செத்துப்போகிறது?

வானத்திலிருந்து வருவதைக் கேட்க வேண்டுமானால், கேட்பவர் கையிலும் கொஞ்சம் மின்சாரம் இருந்தாக வேண்டும் என்பதுதான் காரணம். எவ்வளவு மின்சாரம், அதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

டி.டி. ஃப்ரீ டிஷ் சேனல்களை இறக்கித் தரும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 2015 நவம்பர் 11 அன்று தென் அமெரிக்காவில் உள்ள கூருவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏறிப் போனது. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரியில், பூமி ஒருமுறை தன்னைச் சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்று முடிப்பதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து அதற்கு நேர்தூரம் ஏறத்தாழ 36,200 கிலோமீட்டர். இந்த வகைச் செயற்கைக்கோளில், சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டருக்குப் பின்னால் இருக்கும் பெருக்கியின் வலு நூறு, நூற்றைம்பது வாட். இரண்டு சீலிங் ஃபேன் ஓடுகிற மின்சாரம், அவ்வளவுதான். அதை இந்தியாவின் மேல் குவித்து விழும்படி அனுப்பினாலும், நம் 60 சென்டிமீட்டர் டிஷ் அள்ளிக்கொள்வது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஓரிரண்டு பங்கு. ஒரு வருடம் முழுக்க ராப்பகலாக அதைச் சேர்த்து வைத்தால், களத்தில் காய்கிற சாமையில் இரண்டு மணியை இடுப்புயரம் தூக்கலாம். அந்தச் சொற்பத்துக்குள்தான் படமும் பாட்டும் செய்தியும் அடங்கியிருக்கின்றன.

இதை அப்படியே கேபிளில் விட்டால் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் காணாமல் போகும். அதனால்தான் டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கம்பி நுனியில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் எல்.என்.பி. என்பார்கள். வந்த அலையை அது லட்சம் மடங்குக்கு மேல் பெருக்குகிறது. அதோடு, 11, 12 கிகாஹெர்ட்ஸில் வருவதை 1, 2 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறது. அதிர்வு குறைந்தால்தான் சாதாரண கேபிளில் தாக்குப்பிடிக்கும். இந்த வேலைக்கு எல்.என்.பி. கேட்கும் கூலி சுமார் இரண்டு வாட். லட்சம் கோடியில் ஒரு பங்கைக் கேட்பதற்கு முழுதாக இரண்டு வாட். ஒரு காது உயிரோடு இருக்க ஆகும் செலவு அது.

அந்த இரண்டு வாட் எப்படி மேலே போகிறது? எல்.என்.பி.க்குத் தனி மின்கம்பி கிடையாது. டிஷ்ஷிலிருந்து வீட்டுக்கு ஓடும் ஒற்றைக் கறுப்பு கேபிளைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை. வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன் மேல் மெல்லிய பின்னல் வலை. படம் இறங்கி வரும் அதே நடுக்கம்பியில்தான், வீட்டு செட்டாப் பாக்ஸிலிருந்து நேர்மின்சாரம் மேலே ஏறுகிறது. ஒரே கம்பியில், ஒரே நேரத்தில், மேலே சோறு போகிறது, கீழே சேதி வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்வதில்லை. ஒன்று அசையாத ஆற்று நீர்மட்டம் போல. மற்றது அதன் மேல் ஓடும் நுண்ணிய சிற்றலை போல. கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு சுருளும் ஒரு கெபாசிட்டரும் காவல் நிற்கின்றன. சுருள் நேர்மின்சாரத்தை விட்டுவிட்டு அலையைத் தடுக்கும். கெபாசிட்டர் அலையை விட்டுவிட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்கும். சில ரூபாய் பெறுமானமுள்ள இந்த இரண்டு பொருளும்தான் சோற்றையும் சேதியையும் பிரித்துக் கொடுக்கின்றன.

இப்போது மீட்டருக்கு வருவோம். அதில் இரண்டு திருகு வாய்கள் இருக்கும். ஒன்று எல்.என்.பி. பக்கம், மற்றது பாக்ஸ் பக்கம். விலை குறைந்த முள் மீட்டருக்குள் பேட்டரி இல்லை. மேலே போகிற சாப்பாட்டில் தானும் ஒரு கவளம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எல்.என்.பி.க்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும் அலையின் வலுவை முள்ளில் காட்டுகிறது. சில மீட்டர்கள் கூவவும் செய்யும். சிக்னல் கூடக் கூடச் சத்தம் கூர்மையாகிக் கிறீச்சிடும். வீட்டில் கரண்ட் போனால் பாக்ஸ் நிற்கும், பாக்ஸ் நின்றால் கேபிளில் மின்சாரம் ஏறாது, எல்.என்.பி.யும் மீட்டரும் சேர்ந்தே பட்டினி.

அந்த மின்சாரம் வெறும் உணவும் இல்லை. அதற்குள் கட்டளையும் இருக்கிறது. பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால், நெட்டுக்குத்தாக அதிரும் அலைகளை எடு என்று எல்.என்.பி.க்கு அர்த்தம். 18 வோல்ட் கொடுத்தால், படுக்கைவாட்டில் அதிரும் அலைகளை எடு என்று அர்த்தம். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு திசையில் இரண்டு தனித்தனிச் சேனல் கூட்டத்தை அனுப்ப முடிவதால் இந்த ஏற்பாடு. இதற்கு மேலே நொடிக்கு 22,000 முறை துடிக்கும் ஒரு மெல்லிய துடிப்பையும் பாக்ஸ் ஏற்றிவிட்டால், மேல்வரிசை அலைகளுக்கு மாறு என்று பொருள். நீங்கள் ரிமோட்டில் சேனல் மாற்றும்போது, கூரைக்கு மேலே இந்தப் பேச்சு நடக்கிறது.

கரண்ட் இல்லாத மலை வீட்டில், அல்லது பாக்ஸ் ஒரு கோடியிலும் டிஷ் மறு கோடியிலும் இருக்கிற வீட்டில், மீட்டருக்குச் சாப்பாடு போடுவது எப்படி? நல்ல மெக்கானிக்கின் பையில் இதற்கு விடை இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6, 12.7 வோல்ட் காட்டும். பெரும்பாலான எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்யும். பைக் பேட்டரியே போதும். ஆனால் அதில் நெட்டுக்குத்து அலைகள் மட்டும்தான் கிடைக்கும். படுக்கைவாட்டு அலைகளும் வேண்டுமென்றால் 18 வோல்ட் வேண்டும்: 9 வோல்ட் சதுர பேட்டரி இரண்டை வரிசையாகக் கோக்கலாம், பென்சில் செல் பன்னிரண்டை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கலாம். சதுர பேட்டரி அதிக நேரம் தாங்காது. எல்.என்.பி.யும் மீட்டரும் சேர்ந்து 150, 200 மில்லிஆம்பியர் இழுக்கும்போது ஒரு மணி நேரம் நின்றால் பெரிது. கை தேர்ந்தவருக்கு டிஷ் திருப்பக் கால் மணி நேரம் போதும் என்பதால் அது குறையில்லை. இப்போது வரும் டிஜிட்டல் மீட்டர்களுக்குள் லித்தியம் பேட்டரியும், அதன் சில வோல்ட்டை 13 ஆகவும் 18 ஆகவும் உயர்த்தும் சுற்றும் சேர்ந்தே இருக்கின்றன. பவர் பேங்க்கின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் எல்.என்.பி. விழிக்காது, நடுவில் வோல்ட்டை உயர்த்தும் சின்ன போர்டு ஒன்று வேண்டும்.

பேட்டரியை மீட்டரின் பாக்ஸ் பக்க வாயில்தான் கொடுக்க வேண்டும்: ப்ளஸ் நடுக்கம்பிக்கு, மைனஸ் வெளி வலைக்கு. பாக்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியையும் சேர்த்துக் கோப்பது கூடவே கூடாது. இன்னொன்று கண்ணை அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது. கேபிள் முனையைச் சீவி கனெக்டர் மாட்டும்போது பின்னல் வலையின் ஒரே ஒரு இழை, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான இழை, மடங்கி நடுக்கம்பியைத் தொட்டுவிடும். அந்த ஓர் இழை போதும்: மின்சாரம் மேலே ஏறாமல் அங்கேயே திரும்பிவிடும், பேட்டரி சூடேறும், முள் எழும்பாது. டிஷ்ஷை அரை நாள் திருப்பித் திருப்பிச் சலித்த பிறகுதான் பலருக்கு அந்த இழை கண்ணில் படுகிறது. முள் அசையவில்லையென்றால் முதலில் வானத்தைச் சந்தேகிக்காதீர்கள்; கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

இந்தப் பசி கீழே இருப்பவருக்கு மட்டும் உரியதன்று. ஜிசாட்-15இன் சூரியத் தகடுகள் 6,200 வாட் தருகின்றன. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சம இரவு நாட்களையொட்டி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் பூமியின் நிழல் அதன் மேல் விழுகிறது. அதிகபட்சம் 72 நிமிடம். அப்போது அது முழுக்க பேட்டரியில் ஓடுகிறது. களத்து மேட்டில் பைக் பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கும், 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த எந்திரமும் ஒரே நிலையில் இருக்கும் நேரம் அது.

மேலே மின்சாரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2010 ஜூலையில் பார்த்தது. அப்போது 93.5 டிகிரியில் நின்றிருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றிலிருந்து மின்சாரம் வருவதில் கோளாறு ஏற்பட்டது. டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 டிகிரியில் அப்போது நின்றிருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது.

93.5-க்கும் 91.5-க்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். மேலே அது 1,470 கிலோமீட்டர். கீழே, ஜவ்வாது மலையில் நின்று கணக்குப் போட்டால், டிஷ்ஷை வலப்பக்கமாக, தெற்கு நோக்கி, நாலரை டிகிரி போலத் திருப்பி, முகத்தை ஒன்றே முக்கால் டிகிரி உயர்த்த வேண்டும். டிஷ் பூட்டியிருக்கும் குழாய் நாலு சென்டிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். அதன் மேல் ஒரு டிகிரி என்பது 0.35 மில்லிமீட்டர். ஆக நாலரை டிகிரி ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டரை மெக்கானிக் அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் கடக்கிறார். ஸ்பேனரால் நட்டை இறுக்கும்போது கிளாம்ப் லேசாக நகர்ந்தாலே படம் போவது இதனால்தான். கடைசி இறுக்கத்தின்போது முள்ளின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும், மீட்டர் அதுவரை பட்டினியில்லாமல் இருக்க வேண்டும். பேட்டரியைச் சீக்கிரம் கழற்றிவிட்டு நட்டை இறுக்குபவர் பாதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார் என்பேன்.

திசை விஷயத்தில் இந்த மலைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஜிசாட்-15ஐ நோக்கி இங்கிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய உச்சி. சுற்றிலும் மேடும் முகடுமாக இருந்தாலும் எதுவும் மறைக்காது. பக்கத்துப் பலாமரம் மட்டும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டால் சரி. லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம் அங்குள்ளவர்கள் பார்க்கும் 28.2 டிகிரி ஆஸ்ட்ராவை நோக்கி டிஷ் வைத்தால் உயரம் வெறும் 25 டிகிரி. எதிர்வீட்டுக் கூரையே மறைத்துவிடும். ஒன்று குழப்பும்: 67 டிகிரி உயரத்தை நோக்க வேண்டிய டிஷ்ஷின் முகம், பார்வைக்கு 43 டிகிரி போலத்தான் நிமிர்ந்திருக்கும். நம் வீட்டு டிஷ் ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதனால் அலை அதன் மேல் சாய்வாக விழுந்து, சாய்வாகவே எல்.என்.பி.க்குப் போகிறது. ‘இன்னும் மேலே பாக்கணும்ல?’ என்று வீட்டுக்காரர் கேட்டால் மெக்கானிக் தப்பு செய்யவில்லை என்று அர்த்தம்.

முள் மீட்டரின் இன்னொரு குணம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அதற்குச் செயற்கைக்கோள் எது, சேனல் எது என்று தெரியாது. எல்.என்.பி. வழியாக வரும் மொத்த அலை வலுவை மட்டும் காட்டும். அதனால் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்தாலும் முள் எழும்பும். பாக்ஸில் ‘சிக்னல் குவாலிட்டி’யைப் பார்த்தால்தான் சரியானதா என்று தெரியும். இது குறை. ஆனால் இந்தக் குறையே ஒரு ஜன்னல். டிஷ்ஷை வெறும் தரையை நோக்கித் திருப்புங்கள்: முள் எழும்பும். எல்.என்.பி. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வையுங்கள்: எழும்பும். சூடுள்ள எல்லாப் பொருளும் நுண்ணலைகளை வீசுகின்றன. மண், சுவர், மரம், உங்கள் கை, எல்லாமே. தெளிந்த வானம் அவற்றைவிட மிகக் குளிர்ச்சி என்பதால் அங்கே முள் இறங்குகிறது. பேட்டரியில் ஓடும் அந்தச் சின்ன மீட்டர், தொடாமலே வெப்பத்தை அளக்கும் கருவியாகிவிடுகிறது.

செயற்கைக்கோள் தொடர்புக்காகக் கட்டிய ஓர் ஆன்டெனாவில், எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலை 1964-65இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பென்ஸியாஸும் வில்சனும் கண்டார்கள். பேரண்டம் பிறந்த வெப்பத்தின் மிச்சம் அது, மூன்று கெல்வினுக்கும் குறைவு. 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் எல்.என்.பி. தானே கிளப்பும் இரைச்சலே அதைவிடப் பல மடங்கு என்பதால், அதை நம் டிஷ்ஷில் பிரித்தறிய முடியாது. ஆனாலும் முள் காட்டும் வலுவில் அதற்கும் ஒரு துளி பங்கு உண்டு.

இதே மலையில், காவலூரில், வானத்தைக் கேட்கும் வேலை 1968லிருந்து நடக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். வடக்கே 12.5 டிகிரியில் இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து பார்க்க முடிகிறது. அந்தக் கண்ணாடியும் நம் டிஷ்ஷும் செய்யும் வேலை ஒன்றே: விரிந்து வருவதை ஒரு புள்ளிக்குக் குவிப்பது. வித்தியாசம் அலையின் நீளத்தில் இருக்கிறது. நம் டிஷ்ஷுக்கு வரும் அலை இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டியது; அதனால் டிஷ்ஷில் ஒன்றரை மில்லிமீட்டர் நெளிவு வரை பொறுக்கும். தொலைநோக்கிக்கு வரும் ஒளி ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதன் கண்ணாடியை அந்த அளவிலும் சிறு பின்னத்துக்கு இழைத்தாக வேண்டும். 1975-76இல் இந்தியாவின் 2,400 கிராமங்களில் நடந்த ‘சைட்’ தொலைக்காட்சிச் சோதனைக்குக் கோழிக்கூண்டு வலையில் செய்த மூன்று மீட்டர் ஆன்டெனா போதுமானதாக இருந்தது. அன்றைய அலையின் நீளம் 35 சென்டிமீட்டர், வலைக்கண் அதற்குத் தெரியவே தெரியாது.

ஜவ்வாது மலைப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஊரிலும் கழற்றிப் போட்ட பழைய டிஷ் ஒன்று கிடக்கும். அதோடு ஒரு முள் மீட்டர், சதுர பேட்டரி இரண்டு. இவற்றை வைத்துக்கொண்டு மார்ச் 14, 15 தேதிகளில் காலை 11.15 மணியையொட்டி, 93.5 டிகிரிக்குத் திருப்பிய டிஷ் முன்னால் பிள்ளைகளை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நிமிடம் வீடுகளில் படம் உடையும். ஆனால் மீட்டரின் முள் இறங்காது, ஏறும். சூரியனின் நுண்ணலை செயற்கைக்கோளின் குரலோடு சேர்ந்துகொள்ளும். எல்.என்.பி.யின் வாயில் சூரிய ஒளி குவிந்து பளிச்சென்று விழுவதையும் பக்கவாட்டில் நின்று காட்டலாம். சூரியனை யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, ஒளி குவியும் இடத்தில் கையை நீட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்ச்சில் பரீட்சை நெருக்கம் என்றால் செப்டம்பர் 28 வாக்கில், 11 மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், அதே காட்சி மறுபடி கிடைக்கும். முதல் நாளே பேட்டரியைச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.